பெட்டியைத் திறக்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்: உருமாறும் ரோபோ பொம்மைக்கு ரிவியூ எழுதும் முழு வழிகாட்டி

நான் மூன்றாவது படிக்கும்போது ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்த மாமா, கொழிஞ்சாம்பாறை வீட்டுத் திண்ணையில் பெட்டியைப் பிரித்து, டாங் பொடி, கோடாலித் தைலம், அத்தைக்கு வாங்கின சேலை எல்லாம் எடுத்து வைத்த பிறகு, அடியிலிருந்து ஒரு சிவப்பு லாரியை எடுத்து என் கையில் கொடுத்தார். அது ரோபோவாக மாறும் என்று மாமாவுக்கே தெரியாது. அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து நானும் அக்காவும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மாற்றினோம். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் தெரியும், அன்றைக்கு எங்களுக்கு அது லாரி மனுஷன். இரண்டு மாதத்துக்குள் வலது முஷ்டி தொலைந்துபோனது. அந்தக் காலத்துப் பொம்மையில் முஷ்டிகள் தனியாகக் கழற்றி மாட்டுகிறவை, லாரியாக்கும்போது கழற்றி எங்காவது பத்திரமாக வைக்க வேண்டும், எட்டு வயசுப் பையனுக்கு ஏது பத்திரமான இடம்? வாசல் தென்னைக்கு அணைத்த மண்ணுக்குள் அது இன்னும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படி ஒரு நினைவு உள்ளவர்களைப் பார்த்துத்தான் இன்றைக்குப் பெரியவர்களுக்கான உருமாறும் ரோபோக்கள் வருகின்றன. விலை சில ஆயிரத்தில் தொடங்கி ஒரு மாதச் சம்பளம் வரை போகும். பாலக்காடு, பொள்ளாச்சி, கோயமுத்தூர் என்று எங்கள் பக்கம் எந்தக் கடை ஏறி இறங்கினாலும் இவற்றைப் பிரித்துக் கையில் வாங்கிப் பார்க்க எனக்கு வாய்த்ததில்லை. அதனால் வாங்கப் போகிறவருக்கு ரிவியூ எழுதுகிறவரின் கைதான் கை. அவர் மூட்டு இறுக்கமாக இருக்கிறது என்று எழுதினால் நம்பித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கைக்கு ஏற்ற மாதிரி எழுதுவது எப்படி என்பதற்கு நான் பழகிக்கொண்ட முறை இது. பல பொம்மைகளுக்கு எழுதி, சிலதைத் தப்பாக எழுதி, பிறகு திருத்தி எழுதியதில் வந்தது.

முதலில் நினைவை எழுதி ஒதுக்குங்கள்

பெட்டி வீட்டுக்கு வந்ததும் திறக்காதீர்கள். ஒரு நோட்டு எடுத்து, அந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ அதை ஒரு பக்கம் எழுதுங்கள். எவ்வளவு உயரம், என்ன சிவப்பு, எங்கே மடங்கும், கையில் எடுத்தால் எவ்வளவு கனம், என்ன சத்தம், யார் கொடுத்தது. படம் பார்க்காமல், தேடாமல் எழுத வேண்டும்.

இது ஏன் என்றால், இந்த வகைப் பொம்மையில் நாம் கண்ணால் பார்ப்பது பாதி, மனதில் இருப்பது பாதி. இரண்டும் கலந்துவிட்டால் ரிவியூ கெட்டுவிடும். என் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: லாரி மனுஷன் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உயரம், முழங்கால் மடக்கி உட்காருவான். பிறகு ஒரு நண்பரிடம் லாரி மனுஷனின் அதே பழைய 1984 பொம்மையைப் பார்த்தபோது அது நான் எழுதினதைவிட நல்ல சின்னது, முழங்கால் மடக்கி உட்காரவைக்கும் வேலையே அதில் கிடையாது. உட்கார்ந்த ரோபோ எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எங்கள் வீட்டு வீடியோ கேசட்டில் இருந்த கார்ட்டூனில் இருந்து வந்தது. இரண்டு ஞாபகமும் முப்பது வருஷத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. இந்தப் பக்கம் இல்லாமல் நேராகப் பெட்டியைத் திறந்திருந்தால், "சின்ன வயசில் பார்த்தது மாதிரியே இருக்கிறது" என்று எழுதியிருப்பேன். அந்த வரியால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எந்த ஏக்கத்துக்குச் செய்த பொம்மை என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் பகுதிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கும்.

ஆப்டிமஸ் பிரைம் கதைக்காகச் செய்த பொம்மை இல்லை, பொம்மை முதலில் வந்தது, கதை பின்னால் வந்தது. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980-இல் டயக்ளோன் என்ற வரிசையைத் தொடங்கியது, அதில் வண்டிகளுக்குள் குட்டிக் குட்டி ஓட்டுநர் பொம்மைகள் உட்காரும். 1983-இல் மைக்ரோ சேஞ்ச் என்று இன்னொரு வரிசை, அதில் வீட்டில் இருக்கும் பொருள்களே ரோபோவாகும்: கேசட் பிளேயர், துப்பாக்கி, விளையாட்டுக் கார். இந்த இரண்டையும் விற்கும் உரிமையை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வாங்கி, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று ஒரே பெயரில் விற்றது. சவுண்ட்வேவ் என்ற ரோபோ ஏன் கேசட் பிளேயர், மெகட்ரான் என்ற வில்லன் ரோபோ ஏன் கைத்துப்பாக்கி, பக்கத்தில் நிற்கும் லாரிக்கும் இவர்களுக்கும் ஏன் அளவே பொருந்தவில்லை என்றால் காரணம் இதுதான், இரண்டு வேறு குடும்பத்துப் பிள்ளைகளை ஒரே வீட்டில் வைத்திருக்கிறார்கள். ஜப்பான் பெட்டிகளில் ஆப்டிமஸின் பெயர் கான்வாய் என்று இருக்கும், அதைப் பார்த்து வேறு பொம்மை வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் கார்ட்டூன் வந்தது. கார்ட்டூன் வரைகிறவர்களால் பொம்மையில் இருக்கும் அத்தனை ஸ்டிக்கரையும் கோடுகளையும் ஒவ்வொரு படத்திலும் வரைய முடியாது, அதனால் உருவத்தை எளிமையாக்கினார்கள், உடம்பை மனிதன் மாதிரி நீட்டினார்கள், கைகால் நன்றாக மடங்கியது. ஆக அன்றைக்கே இரண்டு ஆப்டிமஸ் இருந்தார்கள். ஒருவர் நம் கையில், மற்றவர் டிவியில். 1986-இல் வந்த திரைப்படத்தில் புதுப் பொம்மைகளுக்கு இடம் விடுவதற்காக ஆப்டிமஸைச் சாகடித்தார்கள், பிள்ளைகள் தியேட்டரில் அழுதார்கள். கார்ட்டூன் வழியாக வந்தவர்களுக்கு அவர் ஒரு ஆள். பொம்மை வழியாக வந்தவர்களுக்கு அவர் ஒரு பொருள், கையில் சில்லென்று இருந்த உலோகம்.

சேகரிப்பவர்களுக்கென்று இன்றைக்கு வரும் பொம்மை இந்த இரண்டில் ஒன்றைக் குறிவைக்கிறது, அல்லது நடுவில் நிற்கிறது. பெரியவர்களுக்காக டகாரா கொண்டுவந்த மாஸ்டர்பீஸ் வரிசையின் முதல் பொம்மையான எம்.பி.-01 2003-இல் வந்தது, சுமார் ஒரு அடி உயரம், உலோகம் நிறைய, நல்ல கனம். 2011-இல் வந்த எம்.பி.-10 அதைவிடச் சிறியது, சுமார் 25 செ.மீ., மற்றக் கதாபாத்திரங்களோடு அளவு பொருந்தி நிற்கட்டும் என்று திட்டமிட்டது. பொம்மையின் விவரங்களும் கார்ட்டூனின் உடல்வாகும் அதில் சரிபாதி. 2019-இல் வந்த எம்.பி.-44 கார்ட்டூன் பக்கம் நன்றாகச் சாய்ந்துவிட்டது. 2024-இல், நாற்பதாம் ஆண்டையொட்டி, டகாரா டோமி (டகாராவின் இப்போதைய பெயர்) மிஸ்ஸிங் லிங்க் என்று ஒரு வரிசை கொண்டுவந்தது, அது நேரெதிர்: பார்க்க அந்த 1984 பொம்மையேதான், உள்ளே மட்டும் புது மூட்டுகள்.

கார்ட்டூன் ஏக்கத்துக்குச் செய்த பொம்மையைப் பொம்மை ஏக்கத்தோடு எடுத்துப் பார்த்தால் "என்னடா இது, ஸ்டிக்கரே இல்லை, மொழுக்கென்று இருக்கிறது" என்று தோன்றும். அது பொம்மையின் குறை ஆகாது. இது எந்த வழி வந்தவர்களுக்குச் செய்தது, நான் எந்த வழி வந்தவன் என்று இரண்டையும் ரிவியூவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். படிப்பவர் தன் இடத்தைத் தானே கண்டுகொள்வார்.

கையில் இருப்பது என்ன ஜாதி

அசல், மறுபதிப்பு, நகல் என்று மூன்று இருக்கிறது, கூடவே உரிமம் வாங்காத சிறு நிறுவனங்கள் சொந்தமாக வடிவமைத்து வேறு பெயரில் விற்பது நாலாவது. எது என்று தெரியாமல் ரிவியூ எழுதினால் முழுக்கவும் வீண்.

எண்பதுகளின் பழைய பொம்மை என்று ஒன்று கிடைத்தால், தேய்த்தால் முத்திரை தெரியும் வெப்ப ஸ்டிக்கரைத் தேடுங்கள். அது 1985-இல்தான் சேர்க்கப்பட்டது, 1984 பொம்மை என்று விற்கிறவர் கையில் அந்த ஸ்டிக்கர் ஒட்டின பொம்மை இருந்தால் தேதி இடிக்கிறது. ஆப்டிமஸ் என்றால் லாரியின் இரண்டு புகைக்குழாய்களையும் பாருங்கள். 2002-இல் ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் மறுபதிப்பு விட்டபோது குழந்தைகளின் பாதுகாப்புக்காகக் குழாயைக் குட்டையாக்கிவிட்டது.

நகல்களில் எம்.பி.-10-க்கு ரொம்ப அதிகம், பெரிதாக்கின நகல்கூட உண்டு. உடம்பில் எங்காவது நிறுவனத்தின் பெயர் அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறதா, திருகுகளின் தலை சுத்தமாக இருக்கிறதா, பெயின்ட் விளிம்பில் வழிகிறதா, பெட்டியைத் திறந்ததும் மண்டையைப் பிடிக்கும் ரசாயன வாடை வருகிறதா என்று வரிசையாகப் பார்த்து, பார்த்ததை எழுதுங்கள். நகலை நகல் என்று சொல்லி ரிவியூ எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் எழுதுவதில்லை. ஆனால் தெரியாமல் நகல் வாங்கி ஏமாந்தவர் அதைப் பற்றி எழுதினால் அது நூறு பேரைக் காப்பாற்றும், அதை வெட்கப்படாமல் எழுத வேண்டும்.

விலையைச் சொல்லும்போது வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த மொத்த விலையைச் சொல்லுங்கள். பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கும் குழந்தைகள் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், ஜப்பானிலிருந்து தனியாக வரவழைக்கும் பெட்டியில் அது இருக்காது, அதனால் பார்சல் வழியில் நிற்கவும் கூடும். ஜப்பான் விலையை மட்டும் எழுதிவிட்டு "இந்த விலைக்கு அருமை" என்று முடித்தால் இங்கே இருப்பவருக்கு அது பொய்க் கணக்கு. எங்கள் பக்கம் பலர் இன்றும் வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர் லீவுக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அப்படி வாங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள், உங்களுக்குக் கிடைத்த விலை மற்றவருக்குக் கிடைக்காது.

பெட்டி பிரித்தல், போட்டோ

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன் திண்ணை வெளிச்சம் போதும். போன் கேமரா சிவப்பை எப்போதும் தூக்கிக் காட்டும், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுத்தால் நிறம் ஓரளவு அடங்கும். அளவுக்குப் பத்து ரூபாய்க் காசு வையுங்கள், அதன் விட்டம் 27 மி.மீ., எல்லார் வீட்டிலும் இருக்கும், செ.மீ. கணக்கைவிடச் சட்டென்று புரியும்.

உதிரிகளை எண்ணி, ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உருமாற்றத் தொடங்குவதற்கு முன்பே இடது பக்கமும் வலது பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பக்கத்து உறுப்பு இரண்டு மாட்டி வந்த பொம்மைகள் உண்டு. மாற்றி முடித்த பிறகு கண்டுபிடித்தால் கடைக்காரர் நீங்கள்தான் கழற்றினீர்கள் என்பார்.

மாற்றிப் பாருங்கள், குறைந்தது மூன்று முறை

முதல் முறை விளக்கத் தாளைப் பார்த்து, நேரம் பார்க்காமல். இரண்டாவது முறை தாள் பக்கத்தில் இருக்கட்டும், முடிந்தவரை பார்க்காமல். மூன்றாவது முறை தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கடிகாரம் பார்த்து. ரிவியூவில் எழுத வேண்டியது மூன்றாவது முறையின் அனுபவம். முதல் முறையில் எல்லாப் பொம்மையும் கஷ்டம்தான், கை பழகவில்லை. முதல் முறையோடு நிறுத்தி "ரொம்பச் சிக்கல்" என்று எழுதுகிறவர்கள் பொம்மைக்கு நியாயம் செய்யவில்லை. மூன்றாவது முறையும் ஒரே இடத்தில் கை தயங்கினால் அந்த இடம் உண்மையிலேயே மோசமான வடிவமைப்பு.

ஏதாவது நகர மறுத்தால் அழுத்தாதீர்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய ஏதோ ஒன்று முழுதாக முடியவில்லை என்று அர்த்தம்: ஒரு தகடு பாதி மடங்கியிருக்கும், ஒரு கொக்கி விலகியிருக்காது. பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது உடைவதற்கு முன் கொடுக்கும் எச்சரிக்கை, அங்கேயே நிறுத்தி ஒரு படி பின்னால் போங்கள். பெயின்ட் அடித்த பாகத்தை உலோகம் உரசிக்கொண்டு போகும் இடம் எல்லா விலையுயர்ந்த பொம்மையிலும் ஒன்றிரண்டு இருக்கும். அந்த இடத்தைப் படத்தோடு சொல்லி, எந்தக் கோணத்தில் பிடித்தால் உரசாது என்று எழுதினீர்கள் என்றால், வாங்கினவர்களும் அதற்காகவே உங்கள் ரிவியூவைத் தேடி வருவார்கள்.

உருமாற்றத்தைப் பற்றி எழுதும்போது நான் நாலு கேள்வி கேட்டுக்கொள்வேன். வண்டியின் பாகங்கள் ரோபோவில் எங்கே போகின்றன, மறைகின்றனவா, அல்லது முதுகில் மூட்டையாகத் தொங்குகின்றனவா? எதையாவது கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருக்கிறதா? வண்டியின் மேல்தோல் வெறும் ஓடுதானா, அல்லது அதே பாகம்தான் ரோபோவின் உடம்பாகவும் ஆகிறதா? கடைசியாக, மாற்றும்போது "அட" என்று சொல்லவைக்கும் ஒரு கணமாவது இருக்கிறதா? நாலாவதுதான் எனக்கு முக்கியம். எம்.பி.-10-இல் லாரியின் முன்கண்ணாடியே மார்பாகி நிற்கிறது, அந்த மார்பைத் திறந்தால் உள்ளே மேட்ரிக்ஸ் இருக்கிறது, கதையில் ஆப்டிமஸ் மார்புக்குள் சுமக்கும் சக்திப் பொருள். சின்ன வயசில் கார்ட்டூன் பார்த்த யாருக்கும் அங்கே ஒரு நொடி மூச்சு நிற்கும். அந்த நொடியை எழுத வெட்கப்படாதீர்கள், அதற்காகத்தான் அத்தனை பணம்.

முடிந்தால் வேறொருவரிடமும் கொடுத்துப் பாருங்கள். எம்.பி.-10 வந்த அன்று அக்காவிடம் கொடுத்தேன். தாளைக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, கால்ல இருந்து ஆரம்பிக்கணும்டா, அன்னைக்கும் அப்படித்தானே பண்ணோம்" என்றாள். பாதி தூரம் சரியாகவே போனாள், தோளருகே வந்ததும் நின்றுவிட்டாள். புது மூட்டுகள் எங்கே சேர்ந்திருக்கின்றன என்பதை அவள் கை நின்ற இடமே எனக்குக் காட்டிக் கொடுத்தது.

ரோபோவாக நிற்கவைத்துப் பார்ப்பது

மூட்டு மூன்று விதம். கடக் கடக் என்று படிப்படியாக நகர்வது ராட்செட், கனமான தோளுக்கும் இடுப்புக்கும் அதுதான் நல்லது. எந்த இடத்திலும் நிற்கும் உரசல் மூட்டு. பிறகு பந்து மூட்டு. எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சோதனைக்கு வாருங்கள். துப்பாக்கியைக் கையில் கொடுத்து, கையை நேராக நீட்டி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் கை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. வழுவழுப்பான டைல்ஸ் தரையிலும், சிமென்ட் தரையிலும், ஃபேனுக்கு நேர் கீழேயும் நிற்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஆடி மாசம் மேற்கு ஜன்னல் திறந்திருந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தம்ளரே உருளும், அந்த ஜன்னல் திண்டில் பின்னால் சாயாமல் நிற்கும் பொம்மைக்குக் கணுக்கால் உறுதி.

முகத்தைப் பற்றித் தனியாக எழுதுங்கள். கண் பெயின்ட் ஒரு நூல் தள்ளியிருந்தாலும் பார்வை மாறிவிடும். பக்கவாட்டிலும், கீழேயிருந்தும் ஒரு படம்.

லாரியை லாரிக்காரரிடம் காட்டுங்கள்

பெரும்பாலான ரிவியூக்களில் வண்டி வடிவத்துக்கு நாலு வரிதான் இருக்கும், எனக்கு அது பிடிப்பதில்லை. இது பாதிப் பொம்மை. தரையில் உருட்டிப் பாருங்கள், எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுகிறதா, தகடுகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, ரோபோவின் கையோ தலையோ எட்டிப் பார்க்கிறதா.

பக்கத்து வீட்டு அண்ணன் முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். 2017-இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், வாளையாறு செக்போஸ்ட்டில் வரிசையில் நின்று நின்று வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்ட ஆள். அவரிடம் எம்.பி.-10-ஐ லாரியாகக் கொடுத்தேன். ரோபோ விஷயத்தை அவர் கேட்கவே இல்லை. திருப்பி அடியைப் பார்த்தார். "தம்பி, ட்ரைலர் மாட்டுற இடம் சரியா வெச்சிருக்கான். ஆனா புகைக்குழாயை மேல தூக்கி வெச்சிருக்கான் பாரு, இது நம்ம ஊரு வண்டி இல்ல" என்றார். சரிதான். அது எண்பதுகளின் அமெரிக்க வண்டி. அந்த நாட்டில் வண்டியின் மொத்த நீளத்துக்குக் கட்டுப்பாடு இருந்ததால், ஓட்டுநர் அறையை எஞ்சின் மேலேயே வைத்து முன்பக்கத்தைத் தட்டையாக்கினார்கள். 1982-இல் அந்த விதி தளர்ந்தது, அப்புறம் மூக்கு நீண்ட வண்டிகள் வந்து தட்டை மூக்கை அங்கே ஓரங்கட்டிவிட்டன. 2007 திரைப்படத்தில் ஆப்டிமஸை மூக்கு நீண்ட பீட்டர்பில்ட் லாரியாக மாற்றினார்கள். நம் பக்கம் இப்போதும் சாலையில் வருவதில் பெரும்பாதி தட்டை மூக்குத்தான், அதனால் எனக்கு அந்தப் பழைய ஆப்டிமஸ் வேறு நாட்டு வண்டியாகவே தோன்றியதில்லை. அண்ணன் சொன்னதை அப்படியே ரிவியூவில் போட்டேன். படித்தவர்கள் அதைத்தான் அதிகம் திரும்பக் கேட்டார்கள்.

ஒரு மழைக்காலம் கழித்துத் திரும்பி வாருங்கள்

முதல் வார ரிவியூ பாதி ரிவியூதான். பாலக்காட்டுப் பக்கம் ஏப்ரலில் 40 டிகிரி தாண்டும், ஜூன் வந்தால் துணி காயாது. ஜப்பான் நாட்டு அலமாரியில் நன்றாக இருக்கும் பொம்மை இங்கே எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்தான் சொல்ல முடியும்.

வெள்ளைப் பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகும். 1985-இல் வந்த, விமானமாக மாறும் ஜெட்ஃபயர் பொம்மை இதற்குப் பேர்போனது, வெள்ளையாகவே இருக்கும் பழைய ஜெட்ஃபயர் கிடைப்பது கஷ்டம். ஜன்னல் வெயில் நேராக விழாத அலமாரியில் வையுங்கள். பழைய பொம்மைகளில் தங்க நிறத் துகள் சுழித்த பிளாஸ்டிக் இருந்தால் தொடும் முன் யோசியுங்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த சிலவற்றில் அது பெட்டிக்குள் இருந்தபடியே பிஸ்கட் மாதிரி உதிர்கிறது, அப்படி ஒன்றை ரிவியூவுக்காக மாற்றிப் பார்க்க வேண்டாம், நிற்கவைத்தே எழுதுங்கள். ரப்பர் டயர் பிளாஸ்டிக் மேல் வருஷக்கணக்கில் அழுந்திக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், நடுவில் ஒரு தாள் வைக்கலாம். பளபளக்கும் வெள்ளி முலாம் ஈரத்திலும் விரல் வேர்வையிலும் போகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போதும்.

மூட்டு தளர்ந்தால், பந்து மூட்டைக் கழற்றி, நிறமில்லாத நகப் பாலிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். ஈரமாக மாட்டினால் ஒட்டிக்கொண்டுவிடும். மூட்டு ரொம்ப இறுக்கம் என்றால் சிலிகான் கிரீஸ் துளி. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நான் ஒரு முறை வைத்தேன், ஒரு மாதத்தில் தூசி சேர்ந்து கறுத்துப் பிசுபிசுத்து, பிரித்துக் கழுவ வேண்டி வந்தது.

செப்டம்பரில் மறுபடி அந்தத் துப்பாக்கிச் சோதனையைச் செய்து, இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தேதியோடு சேருங்கள்.

எழுதும்போது

காசு கொடுத்து வாங்கினதா, சும்மா வந்ததா என்பது முதல் மூன்று வரிக்குள் இருக்கட்டும். நட்சத்திரம், பத்துக்கு எட்டு மார்க் எல்லாம் நான் போடுவதில்லை. கார்ட்டூன் வழி வந்தவருக்கும் பொம்மை வழி வந்தவருக்கும் ஒரே மார்க் எப்படிப் பொருந்தும்? அதற்குப் பதில் யார் வாங்கலாம், யார் காத்திருக்கலாம், யார் வேண்டாம் என்று மூன்று வரி எழுதுவேன். குறையைச் சொல்லும்போது அது எல்லாப் பொம்மைக்கும் பொதுவானதா, எனக்கு வந்த ஒன்றில் மட்டுமா என்று தெரிந்தால் சொல்லுங்கள், வேறு ரெண்டு பேரிடம் விசாரித்தாலே பாதி தெளிந்துவிடும். "அற்புதம்", "வேற லெவல்" என்று எழுதத் தோன்றும் இடத்தில் எல்லாம் கை என்ன உணர்ந்தது என்று எழுதிப் பாருங்கள், அந்தச் சொல்லுக்குத் தேவையே வராது.

கடைசியில் அந்த முதல் பக்கத்தை எடுங்கள். பெட்டியைத் திறக்கும் முன் எழுதினதை ஒவ்வொரு வரியாகப் பொம்மையோடு வைத்துப் பார்த்து, பொருந்தினதையும் பொருந்தாததையும் ஒரு பத்தியாக எழுதி ரிவியூவின் முடிவில் சேருங்கள். எம்.பி.-10-க்கு நான் சேர்த்த பத்தி இது:

"உயரம் நினைவில் இருந்ததற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, என் கைதான் பெரிதாகிவிட்டது. சிவப்பு நினைவைவிடக் கொஞ்சம் வெளுப்பு. முழங்கால் மடங்குகிறது, உட்காருகிறான், முதல் முறையாக. லாரியாக்கும்போது முஷ்டியைக் கழற்ற வேண்டாம், முன்கைக்குள்ளேயே மடிந்து போய்விடுகிறது. அக்கா அதை நாலு முறை மடித்து மடித்துப் பார்த்தாள்."